பாசி ஆராய்ச்சிக்கு ₹1,000 கேட்கிறாங்க... கொடுக்கலாமா?



ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல இப்படி ஒரு மெசேஜ் வருதுன்னு வெச்சுக்குவோம்: "நம்ம கண்மாய்ல கலக்குற சாக்கடைத் தண்ணிய பாசி வளர்த்து சுத்தம் பண்ற ஆராய்ச்சி. ஆளுக்கு ₹1,000 கொடுங்க."

நல்ல விஷயமாச்சேன்னு தோணும். கூடவே சந்தேகமும் வரும். பாசி தண்ணிய கெடுக்கத்தானே செய்யும்? இது இன்னொரு ஈமு கோழி கதையா இருக்குமோ? ரெண்டுமே நியாயமான கேள்விதான். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பாசி என்ன வேலை செய்யுது?

வண்டியூர் கண்மாயையோ பந்தல்குடி வாய்க்காலையோ தாண்டிப் போறவங்களுக்கு ஆகாயத்தாமரை நல்லா தெரியும். அது பாசி இல்ல, மிதக்குற செடி. ஆனா ரெண்டுக்கும் சாப்பாடு ஒண்ணுதான்: சாக்கடையில வர்ற நைட்ரஜனும் பாஸ்பரஸும். பாசி இதை உறிஞ்சி வளருது. பகல்ல ஆக்சிஜனும் வெளிவிடுது. அந்த ஆக்சிஜனை வெச்சு பாக்டீரியா கழிவை மட்க வைக்குது. 1950-கள்லயே அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட வில்லியம் ஆஸ்வால்ட் இதை வெச்சு கழிவுநீர்க் குளங்களை வடிவமைச்சார்.

ஒரு சிக்கல் இருக்கு. பாசியை வெளியே எடுக்காம விட்டா அது செத்து, அழுகி, உறிஞ்சினதை எல்லாம் தண்ணியிலேயே திருப்பிக் கொடுத்துடும். ஆக்சிஜன் குறைஞ்சு மீன் சாகும். ஷேர் மார்க்கெட் மொழியில சொன்னா, பாசி வளர்றது பேப்பர்ல தெரியிற லாபம். அறுவடை பண்ணாத்தான் அது புக் ஆகும்.

ராணிப்பேட்டையில யார் காசு போட்டாங்க?

இதை நிஜத்துல செஞ்சு காட்டின இடம் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. ராணிப்பேட்டையில ஸ்நாப் நேச்சுரல் அண்ட் ஆல்ஜினேட் ப்ராடக்ட்ஸ்னு ஒரு கம்பெனி, கடற்பாசியில இருந்து ஆல்ஜினேட் எடுக்குது. அதோட கழிவுநீர் அமிலத்தன்மை உள்ளது. அதை சரிபண்ண காஸ்டிக் சோடா வாங்கணும், அதனால சேர்ற சகதியையும் அப்புறப்படுத்தணும். 2006-ல சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் வி. சிவசுப்பிரமணியன் குழு, அங்கே நுண்பாசியை வெச்சு சுத்திகரிப்பு நிலையம் கொண்டு வந்தாங்க. ரசாயனச் செலவும் சகதிச் செலவும் குறைஞ்சுது.

கணக்காளரா எனக்கு இதுல முக்கியமான விஷயம் இதுதான்: அந்தக் கம்பெனிக்கு மிச்சமாகுற செலவு ஒண்ணு கண் முன்னாடி இருந்துச்சு. கண்மாய்க்கு அப்படி பேலன்ஸ் ஷீட் கிடையாது. அது சுத்தமானா நன்மை எல்லாருக்கும், லாபக் கணக்கு யாருக்கும் இல்ல. அதனாலதான் இந்த மாதிரி ஆராய்ச்சி பொதுமக்கள்கிட்ட வந்து நிக்குது.

இது மொய்யா, முதலீடா?

கூட்டமா சேர்ந்து பணம் திரட்டுறது நமக்குப் புதுசு இல்ல. உசிலம்பட்டிப் பக்கம் மொய் நோட்டு பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆனா மொய் திரும்பி வரும். ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறது திரும்பி வராது. முடிவு "பலிக்கல"ன்னு வந்தாலும் அது நேர்மையான முடிவுதான்.

அதனால யாராவது "பாசி வளர்ப்புல பணம் போடுங்க, மாசாமாசம் வருமானம், நாங்களே திருப்பி வாங்கிக்கிறோம்"னு சொன்னா அது ஆராய்ச்சி இல்ல, பிசினஸ். 2012-ல ஈமு கோழியில மாட்டினவங்க கேட்டதும் இதே வசனம்தான்.

டாக்ஸ் எவ்வளவு மிச்சமாகும்?

பழைய வரி முறையில, 20% ஸ்லாப்ல இருக்கிற ஒருத்தர் ₹5,000 கொடுக்கிறார்னு வெச்சுக்கங்க. செஸ் சேர்த்து:

- 80ஜி, 50% கழிவு உள்ள அறக்கட்டளை: ₹520 மிச்சம்.
- 80ஜிஜிஏ, அறிவியல் ஆராய்ச்சிக்கு அங்கீகாரம் வாங்கின சங்கம், பல்கலைக்கழகம் அல்லது கல்லூரி: 100% கழிவு, ₹1,040 மிச்சம். இது பிசினஸ் வருமானம் இல்லாதவங்களுக்கு மட்டும், அதாவது சம்பளக்காரங்களுக்குப் பொருந்தும்.
- புதிய வரி முறை: மிச்சம் ₹0.

ரெண்டு பிரிவுலயும் ₹2,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா கழிவு கிடையாது. படிவம் 10பிஇ சான்றிதழைக் கேட்டு வாங்குங்க. இந்தப் பிரிவு எண்களும் படிவ எண்ணும் 1961 சட்டப்படி உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம்கிறதால எண்கள் வேற. வெளிநாட்டு அமைப்புக்கு நேரா அனுப்பினா 80ஜி கிடைக்காது.

பணம் அனுப்புறதுக்கு முன்னாடி 5 கேள்வி

1. பணம் யார் கணக்குக்குப் போகுது? தனிநபர் கணக்குன்னா உங்களுக்குக் கழிவு இல்ல. உறவினர் அல்லாதவங்க கொடுத்தது ஒரு வருஷத்துல மொத்தமா ₹50,000 தாண்டினா, முழுத் தொகையும் அவருக்கு வரிக்குட்பட்ட வருமானம் ஆகலாம். கல்லூரி அல்லது அறக்கட்டளை கணக்குதான் நல்லது.

2. இலக்குத் தொகை சேரலைன்னா என்ன ஆகும்? 2012-ல ஆரம்பிச்ச எக்ஸ்பெரிமென்ட் தளத்துல இலக்கை எட்டலைன்னா யார்கிட்டயும் பணம் எடுக்க மாட்டாங்க. எல்லாத் தளமும் இப்படி இல்ல.

3. கட்டணமும் டிப்ஸும் எவ்வளவு? சில தளங்கள்ல டிப்ஸ் தானாவே டிக் ஆகியிருக்கும். அது தளத்துக்குப் போற காசு. பாசிக்குப் போகாது.

4. எதை அளக்கப் போறாங்க? நைட்ரேட், பாஸ்பேட், ஆக்சிஜன் அளவு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு? பக்கத்துல பாசி இல்லாத ஒரு தொட்டியும் வெச்சு ஒப்பிடுவாங்களா?

5. அறுவடை பண்ண பாசி எங்கே போகும்? சாயப்பட்டறைத் தண்ணியில வளர்ந்த பாசியில சாயமும் உலோகமும் ஒட்டியிருக்கலாம். அதை மாட்டுக்குப் போடுவோம்னு யாராவது சொன்னா அங்கேயே நிறுத்திக்கங்க.

என்னோட கருத்து

அஞ்சு கேள்விக்கும் எழுத்துல பதில் வந்தா, கொடுக்கலாம். ஆனா எமர்ஜென்சி ஃபண்டையும் எஸ்ஐபியையும் தொடாம, தானத்துக்குன்னு ஒதுக்கின தொகையில இருந்து மட்டும் கொடுங்க. கூகுள் ஷீட்ல அதுக்கு ஒரு தனி வரி போடுங்க. "முதலீடு"ங்கிற தலைப்புல எழுதாதீங்க.

பணம் இல்லைன்னா ஒரு சனிக்கிழமை காலை கொடுங்க. ஸ்டான்ஃபோர்டுல மனு பிரகாஷ் குழு உருவாக்கின ஃபோல்ட்ஸ்கோப் காகித மைக்ராஸ்கோப்ல கண்மாய்த் தண்ணி ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க. அந்த மைக்ராஸ்கோப்புக்கே 2016-ல கிக்ஸ்டார்ட்டர்ல மக்கள்தான் பணம் போட்டாங்க. மாதிரி எடுக்கிறது, அளவைக் குறிச்சு வெக்கிறது எல்லாம் மக்கள் செய்யக்கூடிய வேலைதான்.

₹1,000 கொடுத்துட்டு மறந்துடாதீங்க. ஆறு மாசம் கழிச்சு அதே குரூப்ல, "அளவு என்ன வந்துச்சு?"ன்னு கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேக்குறதுக்கும் சேர்த்துதான் நீங்க காசு கொடுத்திருக்கீங்க.

80ஜிஜிஏ பத்தி சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவுல சொல்றேன்.