எரியும் பனிக்கட்டியின் வெப்பக் கணக்கு

மீத்தேன் ஹைட்ரேட் என்றதும் தீக்குச்சி பட்டால் எரியும் பனிக்கட்டி என்றுதான் பேச்சு தொடங்கும். உள்ளே இருப்பது அதைவிடச் சுவையானது. 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து எட்டுக் கூண்டுகளாகின்றன. இரண்டு சிறியவை, ஆறு சற்றுப் பெரியவை. ஒவ்வொன்றிலும் ஒரு மீத்தேன் மூலக்கூறு அடைபடலாம். வாயுவுக்கும் நீருக்கும் வேதிப்பிணைப்பு கிடையாது. ஆனாலும் வாயு இல்லாவிட்டால் கூண்டு நிற்காது. அழுத்தமும் வேண்டும்: பூஜ்ஜியம் டிகிரியில் சுமார் 26 வளிமண்டல அழுத்தம், 10 டிகிரியில் ஏறக்குறைய 70. ஆழ்கடல் படிவுகளில் இது தங்குவது அதனால்தான்.

ஒரு கனமீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் சுமார் 160 கனமீட்டர் வாயு கிடைக்கும். இதைப் பார்த்து, 2006-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் துளையிட்டு உறுதிசெய்ததை உடனே எடுக்கலாமே என்பவர்கள் உண்டு. அவசரம் என்பேன். கூண்டு உடையும்போது வெப்பத்தை விழுங்கும். ஒரு மோல் மீத்தேனுக்கு ஏறத்தாழ 54 கிலோஜூல். எரித்தால் 890 வருமே, நட்டம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிக்கல் வெப்பத்தின் அளவில் இல்லை, அது வந்து சேரும் வேகத்தில் இருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்ததும் படிவு குளிர்கிறது, சுற்றுமண்ணின் வெப்பம் மெதுவாகத்தான் வருகிறது, சிதைவு மந்தமாகிறது. மணலைப் பிடித்து வைத்திருந்ததும் இதே ஹைட்ரேட்தான். ஜப்பான் 2013-இல் நான்காய் கடற்பள்ளத்தில் நடத்திய சோதனை, கிணற்றுக்குள் மணல் புகுந்ததால் ஆறே நாளில் நின்றது.