கொக்கி எவ்வளவு தாங்கணும்? ஒரு கப்பியின் கணக்கு

இன்னைக்கு நமக்கு வேண்டியது ஒரு கயிறு, ஒரு கப்பி, ஒரு சிமென்ட் மூட்டை, அவ்வளவுதான். கேள்வியும் ஒண்ணுதான். 50 கிலோ மூட்டையைக் கப்பி போட்டு மேல தூக்கும்போது, அந்தக் கப்பி தொங்குற கொக்கி எவ்வளவு பாரம் தாங்குது?

சட்டுனு வர்ற பதில், 50 கிலோ. ஆனா ஒருத்தர் தரையில நின்னு கயித்தை இழுத்தா, கொக்கிக்கு 100 கிலோவுக்குச் சமமான பாரம் விழும். சாரத்துல சவுக்குக் கட்டையில கப்பியைக் கட்டுறவங்களுக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்ல. 50ஐத் தாங்குற கட்டை 100ஐத் தாங்கணும்னு கட்டாயம் கிடையாது. கீழ ஆள் நிக்கிறாங்க.

அந்த 100 எங்கிருந்து வருது? கயிறு எதையும் தள்ளாது, இழுக்க மட்டும்தான் செய்யும். விறைப்பா இருக்கிற கயிறு தன்னோட ரெண்டு முனையில இருக்கிறதையும் தன் பக்கமா இழுக்கும். அந்த இழுப்போட அளவுதான் இழுவிசை. கயிறு லேசானது, கப்பி உரசல் இல்லாம சுத்துதுன்னு வச்சுக்கிட்டா, கப்பிக்கு ரெண்டு பக்கமும் இழுவிசை ஒரே அளவு. கப்பி விசையோட திசையைத்தான் மாத்துது, அளவை இல்ல.

இப்ப ஒவ்வொரு பொருளையும் தனியா பிரிச்சு, அது மேல என்னென்ன விசை இருக்குன்னு மட்டும் பார்க்கணும். பெரிய புரோகிராம்ல பக் தேடும்போது ஒவ்வொரு ஃபங்ஷனா தனியா டெஸ்ட் பண்ணுவோமே, அதே வேலைதான். புவியீர்ப்பு முடுக்கம் 9.8, கணக்கு சுலபமா இருக்க 10னு எடுத்துக்குவோம்.

முதல்ல மூட்டை. எடை கீழ்நோக்கி 500 நியூட்டன். மேல இழுக்கிறது ஒரே ஒரு கயிறு. மூட்டை அசையாம நின்னாலும், ஒரே சீரான வேகத்துல ஏறினாலும், இழுவிசை 500.

அடுத்து கப்பி. மூட்டைப் பக்கக் கயிறு 500 கீழ இழுக்குது. ஆள் பக்கக் கயிறும் 500 கீழதான் இழுக்குது. ரெண்டும் சேர்ந்து 1000 நியூட்டன். அதைத் தாங்க கொக்கியைத் தவிர வேற யாரும் இல்ல. கப்பி துருப்பிடிச்சிருந்தா இன்னும் பலமா இழுக்கணும், கொக்கிக்கு இன்னும் கூடும்.

மூணாவதா, இழுக்கிறவர். அவர் 60 கிலோன்னு வைங்க. எடை 600, கயிறு அவரை 500 மேல இழுக்குது, கால் தரையை அழுத்துறது வெறும் 100. மூட்டை இன்னொரு 10 கிலோவைத் தாண்டினா மூட்டை ஏறாது, அவர்தான் ஏறுவார்!

வெடுக்குனு இழுத்தா? மூட்டை 2 மீட்டர்/வினாடி² முடுக்கத்துல மேல வந்தா, இழுவிசை 500 + 50 × 2 = 600. கொக்கிக்கு 1200. அதனாலதான் நிதானமா இழுக்கச் சொல்றது.

முடுக்கம் இழுவிசையை மாத்தும்ங்கிறதை அழகா காட்டுற ஒரு கருவி உண்டு. கேம்பிரிட்ஜ்ல பாடம் நடத்தின ஜார்ஜ் ஆட்வுட், 1784-ல வெளியிட்ட புத்தகத்துல அதை விவரிச்சார். ஒரு கப்பி, ரெண்டு பக்கமும் எடை. ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் 2 கிலோன்னு வைங்க. வித்தியாசம் 10 நியூட்டன், நகர வேண்டியது 5 கிலோ, அப்போ முடுக்கம் 2. 2 கிலோவைப் பாருங்க: இழுவிசை 20 + 4 = 24. 3 கிலோவைப் பாருங்க: 30 − 6 = 24. ரெண்டும் ஒத்துப்போகுது. கொக்கிக்கு 48தான், 50 இல்ல. கனமான பக்கம் முடுக்கத்தோட கீழ இறங்கிட்டு இருக்கறதால அந்த 2 குறையுது.

திரும்ப நம்ம மூட்டைக்கு வருவோம். அதே கயிறு, அதே கப்பி. ஆனா கப்பியை மூட்டையில மாட்டுங்க. கயித்தோட ஒரு முனையைக் கொக்கியில கட்டி, கப்பிக்கு அடியில கொண்டுவந்து, மறுமுனையை மொட்டைமாடியில நின்னு மேல இழுங்க. இப்ப மூட்டையைத் தூக்குறது ரெண்டு கயிறு, ஆளுக்கு 250. கொக்கிக்கு 250 மட்டும்தான்! மூட்டை 1 மீட்டர் ஏற 2 மீட்டர் கயிறு இழுக்கணும், அதுதான் இதுக்கு விலை.

மூட்டை மாறல, சாமான் மாறல. கொக்கியோட பாரம் 1000லேருந்து 250க்கு வந்துடுச்சு. அதனால கப்பியைக் கட்டுற முன்னாடி மூட்டையோட எடையை மட்டும் கேட்காதீங்க. கொக்கியை எத்தனை கயிறு கீழ இழுக்குதுன்னு எண்ணுங்க. அப்புறம் உரசலுக்கும் வெடுக்குக்கும் தாராளமா இடம் விட்டு, கட்டையைத் தேர்ந்தெடுங்க.

வீட்டுப்பாடம் ஒண்ணு: 60 கிலோ ஆள் ஒரு பலகையில உக்காந்திருக்கார். பலகையில கட்டின கயிறு மேல கப்பியைச் சுத்தி அவர் கைக்கே வருது, தன்னைத்தானே தூக்கிக்கிறார். இழுவிசை எவ்வளவு? அதே முனையைக் கீழ நிக்கிற நண்பர்கிட்ட கொடுத்தா எவ்வளவு? படம் வரைஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.