சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

ஐப்பசி மழை விட்டதும் அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்க ஓரங்களில் புதர் மண்டிவிடும். ஆடு மேய்ப்பவர்களும் விளையாடும் பிள்ளைகளும் புழங்குகிற இடம் அது. எலி நடமாடும் இத்தகைய புதர்களில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளும் இருக்கும். அவற்றின் இளம்புழு கடித்து வருவதுதான் ஸ்க்ரப் டைபஸ் எனும் உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் தொடங்கி பிப்ரவரி வரை இதன் காலம்.

நேரத்தோடு மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். விட்டுவிட்டால் சிலருக்கு நிலைமை தலைகீழாகிறது. கிருமியோடு சண்டையிடக் கிளம்பிய எதிர்ப்பு அணுக்கள் அடங்காமல், எலும்பு மஜ்ஜைக்குள் நம் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்குகின்றன. மருத்துவர்கள் இதை எச்.எல்.எச். என்கிறார்கள். காய்ச்சல் இறங்காது, மண்ணீரல் வீங்கும், தட்டணுக்கள் சரியும், ரத்தத்தில் பெரிட்டின் எனும் புரதத்தின் அளவு ஆயிரக்கணக்கில் ஏறும். டெங்கு, காசநோய், எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஆகியவையும் இதைத் தூண்டும்.

மரபணுக் கோளாறால் வரும் எச்.எல்.எச்.சுக்கு எட்டோபொசைடு என்ற புற்றுநோய் மருந்து, அதன்பின் மஜ்ஜை மாற்று சிகிச்சை என்று போகவேண்டியிருக்கும். உண்ணிக் காய்ச்சல் தூண்டியதென்றால் பல குழந்தைகள் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசினிலேயே தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் கூடவே ஸ்டீராய்டு தேவைப்படும். மலிவான மாத்திரை போதுமா, கடுமையான மருந்து வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது மூலகாரணம்தான். அதைத் தேடாமல் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது.

தடயம் பல சமயம் உடம்பிலேயே இருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, காதுக்குப் பின்புறம், மார்பின் அடி என்று எளிதில் கண்ணில் படாத இடங்களில்தான் ஒளிந்திருக்கும். நாடி பார்த்து ஊசி போட்டு அனுப்பும் அவசரத்தில் அது சிக்காது. வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலினும் செப்ட்ரியாக்சோனும் செல்லுக்குள் பதுங்கும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யா. தட்டணு குறைந்ததும் ‘டெங்கு’ என்று முடிவுகட்டுவதும் நடக்கிறது.

நோய் முற்றியவர்களுக்கான வழியை வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவர்கள் 2023-இல் காட்டினார்கள். டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாயில் செலுத்தியபோது, மரணம், நீடிக்கும் சிக்கல்கள், இறங்காத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 33 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் இது 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம்.

அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலோடு போகிறவர்கள், புதர்ப் பக்கம் போனதையும் சொல்ல வேண்டும். பொருக்கு எல்லோருக்கும் தென்படாது. சந்தேகம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளினைத் தொடங்கிவிடலாம் என்றே மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது.