உடைந்ததா, உடைத்தேனா?

வகுப்பறையில் ஒரு கண்ணாடிக் குவளை விழுந்து நொறுங்குகிறது. ஆசிரியர் வினவினால், "உடைந்துவிட்டது" என்பான் மாணவன். "உடைத்துவிட்டேன்" என்பவன் நூற்றில் ஒருவன். இரண்டும் ஒரே பகுதியிலிருந்து பிறந்த வினைகளே. முன்னதில் செய்தவனைக் காணோம்; பின்னதிலோ 'ஏன்' என்னும் தன்மை ஒருமை விகுதி அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பொறுப்பு என்பதன் முதற்பாடம் இந்த விகுதியில் இருக்கிறது.

'பொறு' என்றால் தாங்குதல், சுமத்தல். பொறை என்பது சுமை. பொறுமை, தாங்கும் குணம். பொறுப்பு, தாங்கியே தீரவேண்டிய கடமை. ஆகவே, பொறுப்பேற்பதாவது தன் சுமையைப் பிறர் தலையில் இறக்காதிருத்தலாம். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கிள்ளான் வட்டாரத்து வரலாற்றிலேயே உண்டு.

1941ஆம் ஆண்டு கிள்ளான் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதற்கு வழிகாட்டிற்று. அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவிலிருந்த ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவின் நீக்கம் ஆகியவை கோரிக்கைகளுட் சில. மே 5ஆம் நாள் நாதன் கைதானார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை பிறந்தது. படைகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அக்கோரிக்கைகளுள் ஒன்று தனித்து நிற்கிறது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதே அது. மற்றவை பெறுவதற்காகக் கேட்டவை. இது விடுவதற்காகக் கேட்டது.

கள்ளுக்கடை தானாக முளைத்ததன்று. லயத்திற்கு எட்டும் தூரத்தில், சட்டத்தின் ஒப்புதலோடு நடந்தது. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்படும் என்பது அக்கால ஏற்பாடு. அதாவது, தகப்பன் குடித்த காசில் ஒரு பகுதி பொது நலம் என்னும் பெயரில் அவன் குடும்பத்திற்கே திரும்பும்! கடையை வைத்தவர் யார் என்று கேட்டால் நிர்வாகத்தின் பொறுப்பு தப்பாது. வேலை செய்து களைத்த உடலுக்கும், பொழுதுபோக்கு ஏதுமற்ற மாலைக்கும், கடனுக்கும் அதில் பங்குண்டு.

ஆயினும், "துரை கடை வைத்தார், ஆகவே குடித்தேன்" என்று முடித்துவிடலாமா? அந்த வாக்கியத்திலும் 'குடித்தேன்' என்றே வினை முடிகிறது. "கூலிக்காரன் இயல்பிலேயே குடிகாரன்" என்பது ஆள்வோரின் சாக்கு. "கடை கெடுத்தது" என்பது குடிப்பவனின் சாக்கு. ஒருவர் குற்றம் மற்றவர் குற்றத்தைக் கழித்துவிடாது. குற்றம் கூட்டற் கணக்கேயன்றிக் கழித்தற் கணக்கன்று. வெறுங்கையோடு அவன் வீடு திரும்பும்போது, அந்தக் கணக்கை அடுப்படியில் நின்று தீர்ப்பவள் மனைவியே.

1941இன் தொழிலாளர் இதை உணர்ந்திருந்தனர் என்று கொள்ளலாம். கடையை மூடுக என்று கேட்டபோதே தம் பலவீனத்தையும் ஊரறிய ஒப்புக்கொண்டனர். பிறர் செய்த தவற்றைச் சுட்டும் உரிமை, தன் தவற்றை ஒளிக்காதவனுக்கே வலுவாக அமைகிறது. போருக்குப் பின் 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதும் இவ்வழிப்பட்டதே.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அது பொருட்பாலில், சூதுக்கு முன்னே நிற்கிறது. பொருளையும் மதிப்பையும் ஒருவன் தானே இழக்கும் வழிகளுள் ஒன்றாக வள்ளுவர் அதை வைத்தமை எண்ணத்தக்கது.

இன்னும் உயர்ந்ததொரு படியும் உண்டு. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டத்தினர் காவல் நிலையத்திற்குத் தீயிட, 20க்கும் மேற்பட்ட காவலர் மாண்டனர். தொலைவிலிருந்த காந்தியடிகள் இயக்கத்தை நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாநோன்பிருந்தார். மார்ச்சில் அகமதாபாத் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆறாண்டுச் சிறைத்தண்டனையை ஏற்றார். தம் கை செய்யாததற்கும் அவர் தோள் கொடுத்தார்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்ட குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தன. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது; கடனும் தொடர்ந்து வந்தது. கூடவே வந்த சாக்குகளும் பல: தோட்டம் போயிற்று, அரசு கைவிட்டது, சேர்க்கை கெடுத்தது. இவற்றில் உண்மையில்லாமல் இல்லை. உரியவரிடம் அவற்றைக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் கேட்கிறவன் தன் பங்கையும் சொல்லவேண்டும்.

இப்பழக்கம் வளர்ந்தபின் வருவதன்று. "உடைத்துவிட்டேன்" என்று துணிந்து சொல்லும் பிள்ளையை அடித்தால், மறுமுறை அது "உடைந்துவிட்டது" என்றே சொல்லும். உண்மை சொன்னதைப் பாராட்டி, சிதறிய சில்லுகளைக் கூடவிருந்து கூட்டி அள்ளச் செய்தால், அந்த 'ஏன்' விகுதி அதன் நாவில் நிலைத்துவிடும். இதில் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உள்ள பொறுப்பு சிறிதன்று.