பூகா: வெண்காரம் அள்ளிய காலமும் வெப்பம் தேடும் காலமும்

கதிர்காமத்து நகைப் பட்டறையானாலும் கும்பகோணத்துப் பட்டறையானாலும், வெண்காரம் இல்லாமல் பொன்னைப் பற்றவைப்பது கடினம். ஒரு காலத்தில் இந்தியாவுக்கு அது பெருமளவில் வந்தது திபெத்திலிருந்தும் லடாக்கிலிருந்தும்தான். அப்படி வெண்காரம் விளைந்த இடங்களில் ஒன்று லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு.

சாங்தாங் மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பூகா. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டிய விளிம்பு அது. உருகிய பனிநீர் பாறைப் பிளவுகளில் இறங்கிச் சூடேறி, கனிமங்களைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக மேலே வருகிறது. சில ஊற்றுகளில் வெப்பம் 84 டிகிரியை எட்டும். அந்த உயரத்தில் அதுவே கொதிநிலை. கந்தகம் படிந்த இடம் மஞ்சள், வெண்காரம் பூத்த கரை வெள்ளை, சூட்டில் வாழும் நுண்ணுயிர்ப் படலம் பச்சையும் ஆரஞ்சும்.

அன்று இந்த நிறங்களே சரக்கு. 1854-இல் வெளிவந்த அலெக்சாண்டர் கன்னிங்ஹாமின் லடாக் நூலிலேயே பூகாவின் வெண்காரமும் கந்தகமும் பேசப்படுகின்றன. தரையில் பூத்ததைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். இமயத்து உப்பும் வெண்காரமும் ஆடுகளின் முதுகேறிக் கணவாய்களைக் கடந்தன.

பிறகு தேடல் வெப்பத்தின் பக்கம் திரும்பியது. 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 34 ஆழ்துளைகள் போட்டுப் பார்த்தது. ஆழமானது 385 மீட்டரைத் தொட்டது. பலவற்றில் நீராவி பீறிட்டது.

இன்று லேவிலிருந்து சோ மோரிரி ஏரிக்குப் போகிற பயணிகள் ஜீப்பிலேயே பூகாவைப் பார்த்துவிடுகிறார்கள். சாங்பா இடையர்களின் பிள்ளைகளுக்கு அங்கே உறைவிடப் பள்ளி இருக்கிறது. சதுப்பில் கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கின்றன. 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. எரிசக்தி மையம் ஒப்பந்தம் செய்தது: முதல் கட்டமாக ஒரு மெகாவாட் புவிவெப்ப மின்சாரம். 2022 ஆகஸ்டில் துளையிட்டபோது பொங்கிய வெந்நீர் ஓடையில் கலக்கவே, வேலை நிறுத்தப்பட்டது.

உறைபனியில் டீசலை நம்பி வாழும் மக்களுக்கு அந்த மின்சாரம் வேண்டும். அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் மேலே பூத்த வெண்காரத்தைச் சுரண்டினால் ஊற்று மறுபடி பூக்கவைக்கும். ஆழத்து நீரை இறைத்து ஓடையில் விட்டால் ஊற்றே வற்றலாம், கொக்கின் சதுப்பும் கெடலாம். வெப்பத்தை எடுத்துக்கொண்டு நீரைத் திரும்ப நிலத்துக்குள்ளேயே செலுத்தும் முறை உலகில் பல புவிவெப்ப நிலையங்களில் நடைமுறையில் உள்ளது. பூகாவில் அதை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்க வேண்டும்.