ஆறு காசு வரியும் ஒரு வெள்ளிக் கிளினிக்கும்

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காடு பொருள் சேவை வரி வந்தது. அரிசி, சீனி, சமையல் எண்ணெய், காய்கறிக்கு வரி இருக்கவில்லை. சோப்பு, பற்பசை, துணிமணிக்கு இருந்தது. ஜொகூர் மாநிலக் கூலாய் மாவட்டத்திலுள்ள செடெனாக்கின் செம்பனைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று வரியுள்ள பொருள்களுக்கு மாதம் 500 வெள்ளி செலவழித்தது என்று வைத்துக்கொள்வோம். வரி 30 வெள்ளி, ஆண்டுக்கு 360. தீபகற்பத்தில் 2016இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளியானது. ஆண்டுதோறும் ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரியாகவே போனது.

பதிலுக்குக் கிடைத்தது? அரசாங்கக் கிளினிக்கில் மருந்தோடு சேர்த்து ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. இந்தக் கட்டணம் வரி வருமுன்பே இருந்தது. புதிதாக எதுவும் கையில் வரவில்லை என்று மக்கள் நினைத்ததில் தவறில்லை.

2017இல் இந்த வரி ஈட்டியது 44.3 பில்லியன் வெள்ளி. 2018 மே 9 பொதுத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூன் 1இல் வரி சுழியம். செப்டம்பர் 1இல் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. 2019இல் அது ஈட்டியது ஏறக்குறைய 27 பில்லியன். குறைந்த ஏறக்குறைய 17 பில்லியன், அவ்வாண்டு சுகாதார அமைச்சுக்கான ஒதுக்கீட்டில் பாதிக்கும் மேல். ஆனால் வணிகர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய 19.4 பில்லியன் நிலுவையில் கிடந்ததாக நிதியமைச்சர் லிம் குவான் எங் 2018 ஆகஸ்டில் சொன்னார். அப்படியானால் அந்த 44.3 முழுவதும் அரசின் பணமல்ல.

வரியை எதிர்த்தே வாக்களித்தார்கள் என்பது பாதி உண்மை. கூலாய் நாடாளுமன்றத் தொகுதியில் 2013லேயே அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயக செயல் கட்சியின் தியோ நீ சிங் வென்றார். அப்போது இந்த வரியே இல்லை. அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியில் 4.5 பில்லியன் அமெரிக்க டாலர் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொன்ன பிறகு, கடைச் சீட்டின் அடியில் அச்சாகும் 6 விழுக்காட்டை எவர் பொறுப்பார்? மக்கள் மறுத்தது கணக்குக் காட்டாத வரியை என்றே நான் நம்புகிறேன்.

2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடானது. 2025இல் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன் வெள்ளி. அதில் கூலாயின் துமெங்கோங் ஸ்ரீ மகாராஜா துன் இப்ராகிம் மருத்துவமனைக்கு எவ்வளவு, எத்தனை தாதியர், எத்தனை கட்டில் என்று ஆண்டுதோறும் அதன் வாசலிலேயே தமிழிலும் எழுதி ஒட்டட்டும். அதன் பிறகு செடெனாக் மக்களிடம் இன்னொரு விழுக்காடு கேட்கலாம்.