பிள்ளை பெற்றவளின் மனசையும் பாருங்கள்



பிரசவமான 3-ஆம், 4-ஆம் நாளில் தாய்க்கு அழுகை வரும், மனசு சோரும். பெரும்பாலும் 2 வாரத்தில் தானே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினால் 2 வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள்.

அங்கே என்ன செய்வார்களோ என்று பயம் வேண்டாம். மனசை ஊசி குத்திப் பார்க்க முடியாது. பேசித்தான் பார்க்க வேண்டும். டாக்டர் முகம், உடை, பேச்சைக் கவனிப்பார். "இன்று என்ன கிழமை? ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறதா? யாராவது கெடுதல் செய்வதாகத் தோன்றுகிறதா?" என்பார். "செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா? குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று நினைப்பு வருகிறதா?" என்றும் கேட்பார். கோபப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, மறைப்பதில்தான் ஆபத்து.

கணவரே, எப்போது தொடங்கியது, எவ்வளவு தூங்கினார், முன்பு இப்படி வந்ததா என்று சொல்லுங்கள். பிறகு வெளியே இருங்கள். அவர் மனம் விட்டுப் பேசட்டும். குணமாகும்வரை தாயையும் பிள்ளையையும் தனியே விடாதீர்கள்.

அவசரத்துக்கு இரவு பகல் எந்நேரமும் 14416-க்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.

இது பைத்தியப் பட்டமல்ல. வைத்தியத்தால் தீரும் நோய்.